இன்னும் ஒரு பந்து கிடைக்கவில்லை

1

செவ்வாய்க்கிழமை முதியோர் கோல்ஃப் லீக்கிலிருந்து போன வாரம் மின்னஞ்சல் வந்தது. இந்த வருடத்தின் கடைசி ஆட்டம், வழக்கம்போல் ஸ்கிராம்பிள், நான்கு நான்கு பேராக அணி, முடிந்ததும் பொரித்த கோழி, பரிசு, குழுப்படம். அதற்குக் கீழே என் அணிக்காரர் டான் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார்: "குணா, உன் இடத்தில் வேறு யாரையும் போடவில்லை. வருவாயா?"

நான் பதில் எழுதவில்லை. பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புரியாது. மறுபடியும் கேட்பார்கள்.

கோல்ஃப் என்றதும் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இது அமெரிக்காவின் நடுவில், சோளக்காடுகளுக்கு இடையில் இருக்கும் ஒரு சின்ன ஊர். மைதானம் ஊராட்சியுடையது. அங்கே வருகிறவர்கள் ஓய்வுபெற்ற லாரி டிரைவர்கள், தபால்காரர்கள், என்னைப்போல் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். ஒருவருக்கு முட்டி மாற்றியிருக்கும், இன்னொருவருக்கு இதயத்தில் குழாய் வைத்திருக்கும். மாத்திரை டப்பாவும் மட்டைப் பையுமாக வந்து, நடக்க முடியாமல் சின்ன பேட்டரி வண்டியில் போய்ப் போய் ஆடுவார்கள். சென்னைக்குப் பக்கத்துச் செம்பாக்கத்தில் பிறந்தவனுக்கு இந்த ஆட்டம் எதற்கு என்று ஆரம்பத்தில் நானே கேட்டுக்கொண்டேன். பிறகு, வாரத்தில் ஒரு நாள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட நாலு பேர் வேண்டியிருந்தது, போனேன்.

போன வருட ஸ்கிராம்பிளில் நான் அடித்ததுதான் என் ஆயுளிலேயே நான் அடித்த மிக நல்ல பந்து. அதை அடிக்காமலே இருந்திருக்கலாம். அன்றைக்கு என் கைப்பேசியில் சென்னைக்கு இரண்டு டிக்கெட் இருந்தன. என் மனைவி வசந்தாவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட வேண்டும், எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

2

வசந்தா எங்கள் ஊருக்கு அடுத்த சேலையூர்ப் பெண். தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தாள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். கல்யாணப் பட்டுப்புடவையோடு கிளம்பும்போதும் விசிலைத் தேடி எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். அவள் சொல்லிக்கொடுத்தது பூப்பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், நடுவில் வலை. பள்ளியில் இருந்ததே கொஞ்சம் பந்துகள்தான்.

அவளிடம் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, மைதானத்துக்கு வந்த பிறகு யாரும் ஓரமாக நிற்கக் கூடாது. ஆடத் தெரியாத பெண், உடம்பு முடியாத பெண், புதிதாகச் சேர்ந்து பேச்சே வராத பெண், எல்லாரையும் ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வாள். "என்ன தனியா நிக்கற? வா, உள்ள வா. உனக்கு அவுட் கிடையாது, ஆடு." பந்து அந்தப் பெண்ணிடமும் வரும். அவள் தவறவிட்டால் எதிரணிக்குப் புள்ளி கிடையாது.

இரண்டாவது சட்டம்தான் பெற்றோர்களை அவள்மேல் பாய வைத்தது. பந்து காணாமல் போனால் கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. மதில் தாண்டி ஒரே முள்புதர். பள்ளி விட்டும் மொத்த அணியும் புதருக்குள் இருக்கும். நான் ஸ்கூட்டரோடு வாசலில் காத்திருப்பேன். "டீச்சர், பெல் அடிச்சாச்சு டீச்சர்!" என்று பெண்கள் கெஞ்சும் சத்தம் கேட்கும். பதிலுக்கு அவள் குரல் வரும்: "இன்னும் ஒண்ணு கிடைக்கல!"

"ஒரு பந்துக்கு இவ்வளவா?" என்று ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன்.

"இன்னைக்கு பந்தை விட்டுட்டு வருவாங்க. நாளைக்கு கூட வந்தவளை விட்டுட்டு வருவாங்க," என்றாள்.

நாங்கள் இங்கே வந்தபோது எங்கள் மகள் நித்யா ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். வசந்தாவின் சான்றிதழை யாரும் மதிக்கவில்லை. அவள் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டு கழுவினாள், பிறகு குழந்தைகள் காப்பகத்தில் ஆயா வேலை பார்த்தாள். காப்பகத்தில் ஒருநாள் விசில் ஊதியதற்குக் குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். அன்றோடு விசில் மேசை இழுப்பறைக்குள் போனது. அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத்தான் இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை.

3

மறதி வந்தபோது முதலில் சாவி போனது, அடுப்பு போனது, எல்லார் வீட்டிலும் நடப்பதுதான். பிறகு இங்கிலீஷ் போக ஆரம்பித்தது. கடையில் காசு கொடுக்கும் இடத்தில் நின்றுகொண்டு அந்தப் பெண்ணிடம் தமிழில் பேசுவாள். அந்தப் பெண் சிரிப்பாள். இவளும் சிரிப்பாள். அதற்குப் பிறகு டீச்சர் தமிழும் போனது. பள்ளியில் சேர்ந்தபோது திருத்தி வைத்திருந்த பேச்சு உதிர்ந்து, அடியில் கிடந்த சேலையூர்ப் பேச்சு மேலே வந்தது. "இன்னாங்க", "வூட்டுக்குப் போலாம்", "எங்க கீது என் செருப்பு" என்று, நான் பெண் பார்க்கப் போன அன்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்ட அதே குரலில் பேசினாள். சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு.

பகல்நேர முதியோர் மையத்தில் அவளைக் கொஞ்ச நாள் விட்டுப் பார்த்தேன். "பொருளில்லாத சத்தம் எழுப்புகிறார், கிளர்ச்சியாக இருக்கிறார்" என்று எழுதிக் கொடுத்தார்கள். என்ன சத்தம் என்று கேட்டேன். அங்கிருந்த பெண் பாவம், நினைவு வைத்துத் தப்பும் தவறுமாகச் சொல்லிக் காட்டினாள். வசந்தா கேட்டது தண்ணீர்.

அப்புறம் மதிப்பீடு. அரசாங்க உதவி வேண்டுமென்றால் மதிப்பீடு வேண்டும், மதிப்பீட்டுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், குடும்பத்தினர் மொழிபெயர்க்கக் கூடாது. ஆகவே நான் வாயைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் எங்கிருந்தோ பேசினார். நல்ல மனிதர்தான், ஆனால் ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் பேசினார்.

"அம்மையாரே, இது எந்தப் பருவகாலம் என்று கூறுவீர்களா?"

வசந்தா என்னைப் பார்த்தாள். "இன்னாயா கேக்கறான் இவன்?"

"தற்போது நிலவும் பருவகாலம் எது, அம்மையாரே?"

அவள் யோசித்தாள். "ஐப்பசி பொறக்கப் போவுது. மழை புடிச்சிக்கும். ஏரி ரொம்பிடும்."

மதிப்பீடு செய்ய வந்த நர்ஸ் எதிர்பார்த்தது இலையுதிர்காலம். தவறு என்று குறித்துக்கொண்டாள். செம்பாக்கம் ஏரிக்கரையில் யாரைக் கேட்டாலும் அதுதான் சரியான பதில் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. அடுத்து, நாம் இப்போது எத்தனையாவது மாடியில் இருக்கிறோம் என்று கேட்டார்கள். "மேலயும் ஆளு இல்ல, கீழயும் ஆளு இல்ல. எந்த மாடின்னா இன்னா?" என்றாள். அதற்கும் மதிப்பெண் இல்லை.

முடிவு வந்தது: முதியோர் இல்லத்தின் பூட்டிய பிரிவில் வைத்துப் பராமரிக்க வேண்டியவர். விமானத்தில் ஐந்து மணி நேரம் தள்ளி இருக்கும் நித்யா அன்று மாலையே கூப்பிட்டாள்.

"அப்பா, ப்ளீஸ், கொஞ்சம் ப்ராக்டிகலா யோசிங்க. அம்மாவுக்கு ட்வென்டிஃபோர் அவர்ஸ் ஆள் வேணும். உங்களால முடியாது."

"அங்க அவ பேசறது யாருக்கும்மா புரியும்?"

"அம்மா பேசறது இப்ப எனக்கே பாதி புரியறதில்லப்பா."

அவள் கெட்ட பெண் இல்லை. உண்மையைத்தான் சொன்னாள். சின்ன வயதில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லிப் பழகியவள். அம்மாவோடு எஞ்சியிருப்பது தமிழ் மட்டும்தான் என்று ஒருநாள் வரும் என்று யார் கண்டார்கள்.

நான் செம்பாக்கத்துக்குப் பேசினேன். வசந்தாவின் தங்கை மல்லிகா என் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் சொந்த வீடு. ஏரிக்கரை என்றதும் காற்று வாங்கும் இடம் என்று நினைக்காதீர்கள். எங்கள் நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, இப்போது மழை வந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் தெருவுக்கு வருகிறது. மிச்ச நாளில் கொசு. எனக்கு அந்த ஊர்மேல் பெரிய மயக்கம் ஒன்றும் கிடையாது. ஆனால் அங்கே வசந்தா தண்ணீர் கேட்டால் கொடுப்பார்கள்.

"கூட்டினு வந்துடுங்க மாமா," என்றாள் மல்லிகா. "கீழ் போர்ஷனை காலி பண்ணி வெச்சிட்டேன். இங்க தெருவுல நாலு பேரு பேசிகினு போறது காதுல விழுந்தாலே அக்காவுக்குத் தெம்பு வந்துடும். அங்க எதுக்கு அவள ஊமையா வெச்சினு கீறீங்க?"

நித்யாவோடு ஒரு உடன்பாட்டுக்கு வந்தேன். தீபாவளிக்குப் பிறகு ஊருக்குப் போகிறோம். அங்கே சரிப்படாவிட்டால் அவள் சொல்கிறபடி கேட்கிறேன். அதுவரை வசந்தாவுக்கு ஒன்றும் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டதால் சொந்த ஊருக்குப் போகவும் விசா வேண்டும்; அவளுடைய விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. பாஸ்போர்ட்டில் இருக்கும் கையெழுத்தும் இதுவும் ஒத்துப்போகவில்லையாம். அவள் கட்டத்தைத் தாண்டித் தமிழில் "வ. வசந்தா, உடற்கல்வி ஆசிரியை" என்று போட்டிருந்தாள். மூன்றாவது முறை பெருவிரல் ரேகை வைத்து அனுப்பினோம். விசா வந்தது. டிக்கெட் வாங்கினேன்.

4

ஸ்கிராம்பிள் என்பது என்ன ஆட்டம் என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதற்குப் பிறகு நடந்தது விளங்காது. நான்கு பேரும் ஆளுக்கொரு பந்து அடிப்பார்கள். எது நல்ல இடத்தில் விழுந்ததோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் கைவிட்டுவிடுவார்கள். எல்லாரும் அந்த இடத்துக்குப் போய் அங்கிருந்து அடுத்த அடி. மறுபடியும் ஒன்று, மறுபடியும் மூன்று கழிவு. மோசமாக அடித்தவனுக்கு அவமானமே இல்லாத ஆட்டம், அதனால் கிழவர்களுக்குப் பிடிக்கும். காட்டுக்குள் போன பந்தை யாரும் தேட மாட்டார்கள். தேவையில்லையே.

ஆனால் எங்கள் லீக்கில் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு குழிக்கும் அடிக்கும் முதல் அடியில், ஒவ்வொருவருடையதையும் ஆட்டம் முடிவதற்குள் இரண்டு முறையாவது அணி எடுத்துக்கொண்டாக வேண்டும். நன்றாக அடிப்பவர் ஒருவர் முதுகில் மற்றவர்கள் சவாரி செய்யக் கூடாது என்பதற்காக. இவர்கள் ஊரில் ஒப்புக்குச் சப்பாணிக்கு இடமில்லை.

அன்று வசந்தாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காய்ச்சல். நான் வரவில்லை என்று டானுக்குச் சொன்னேன். "கூட்டிக்கிட்டு வா. வண்டில உட்காரட்டும். நாம நாலு பேர் இருக்கோம்ல," என்றார். அவர்கள் பேசியது இங்கிலீஷ்தான், எனக்குக் கேட்ட தமிழில் எழுதுகிறேன். டான் என்னோடு தொழிற்சாலையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவர். இன்னொருவர் பெயர் லாரி, தபால்காரராக இருந்தவர். மூன்றாமவர் ரஸ், பண்ணைக்காரர், காது மந்தம்.

நல்ல வெயில் அன்று. வசந்தா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வண்டியில் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் முறை வைத்துக்கொண்டோம். மூன்று பேர் அடிக்க இறங்கினால் ஒருவர் அவள் பக்கத்தில் இருப்பார். பெரும்பாலும் லாரி. அவர் இங்கிலீஷில் தன் தபால் கதைகளைச் சொல்வார், அவள் தமிழில் எதையோ சொல்வாள். இருவரும் தலையாட்டிக்கொள்வார்கள். பார்க்க நன்றாக இருந்தது.

ரஸ்ஸின் பந்து ஒன்று மரங்களுக்குள் போனது. டானுடையது நன்றாக விழுந்ததால் நாங்கள் வண்டியைக் கிளப்பினோம். வசந்தா என் சட்டையைப் பிடித்தாள்.

"யோவ், பந்து உள்ள போச்சு."

"போகட்டும் வசந்தா. அது வேணாம்."

"வேணாமா? ஸ்கூல் பந்துயா அது! தேடாம போறானுங்க பாரு."

வயதானவர்களின் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதற்காகக் கோல்ஃப் பந்தை மஞ்சளிலும் விற்பார்கள். ரஸ் அடித்தது மஞ்சள் பந்து. அவள் திரும்பித் திரும்பி மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை பந்து புதருக்குள் போனபோதும் கையை நீட்டிக் காட்டினாள். "என்ன சொல்றாங்க?" என்பதுபோல் லாரி என்னைப் பார்ப்பார். விளையாட்டு பார்க்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

கடைசிக் குழிக்கு வந்தபோது டான் கணக்கு பார்த்தார். அவரவர் பங்கு முடிந்திருந்தது. என்னுடைய முதல் அடி மட்டும் இன்னும் ஒருமுறை பாக்கி. அதாவது இந்தக் கடைசி இடத்தில் நான் எங்கே அடிக்கிறேனோ அங்கிருந்துதான் எல்லாரும் ஆட வேண்டும். எங்கள் அணி முன்னணியில் இருப்பதாக வேறு யாரோ வந்து சொல்லிவிட்டுப் போனார்கள்.

"குணா, எல்லாம் உன் கையில," என்றார் டான்.

மூன்று பேரும் இறங்கி வந்து என் பின்னால் நின்றார்கள். அதுதான் இவர்கள் மரியாதை. ஒருவன் தனியாக அடிக்கும்போது அணி முழுக்கப் பின்னால் வந்து நின்று மூச்சுவிடாமல் பார்க்கும். லாரியும் வந்து நின்றார். நான் அவரைப் பார்க்கவில்லை. பந்தைத்தான் பார்த்தேன்.

அடித்தேன். பந்து நேராக எழும்பி, குளத்தைத் தாண்டி, குழி இருக்கும் பச்சைப் புல்லின் நடுவில் விழுந்தது. அந்த மாதிரி நான் அதற்கு முன்னும் அடித்ததில்லை, பின்னும் அடிக்கப் போவதில்லை. ரஸ் தொப்பியைக் கழற்றி வீசினார். டான் என்னைக் கட்டிப்பிடித்தார். வசந்தா பார்த்தாளா என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

வண்டி காலியாக இருந்தது.

5

அடுத்து நடந்ததை இந்த ஊர் நன்றாகவே செய்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மற்ற அணிகளெல்லாம் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்தன. போலீஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது. நடக்க முடியாத கிழவர்கள் மரங்களுக்குள் தடுமாறிக்கொண்டு தேடினார்கள். "வாசாண்டா! வாசாண்டா!" என்று எல்லாத் திசையிலிருந்தும் கூப்பிட்டார்கள். யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கே ஒரு கணம் விளங்கவில்லை. அவளுக்கு எப்படி விளங்கும்?

குளத்தில் ஆள் இறங்குவதற்கு உடை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு இளம் போலீஸ்காரர் என்னிடம் வந்து, உங்கள் மனைவி தண்ணீரைப் பார்த்தால் பயப்படுவாரா என்று பணிவாகக் கேட்டார். ஏரிக்கரையில் வளர்ந்தவள் என்றேன். சொன்ன பிறகுதான் அவர் ஏன் கேட்டார் என்று புரிந்தது.

அப்போதுதான் ரஸ்ஸின் பந்து நினைவுக்கு வந்தது. "பின்னாடி, ரஸ் அடிச்ச இடம்," என்றேன். டான் என்னை வண்டியில் வைத்து ஓட்டினார். மரங்களின் விளிம்பில் இறங்கி, நானும் "வசந்தா!" என்று கத்தினேன். பதில் இல்லை. எத்தனை முறை கத்தினேனோ. தொண்டை வறண்டு நின்றபோது, என்னை அறியாமல் அந்தப் பெண்கள் கெஞ்சியது வாயில் வந்துவிட்டது.

"டீச்சர்! பெல் அடிச்சாச்சு டீச்சர்!"

உள்ளேயிருந்து, கீழே எங்கிருந்தோ, சன்னமாகக் குரல் வந்தது.

"இன்னும் ஒண்ணு கெடைக்கல!"

ஓடைச் சரிவில் கிடந்தாள். ஒரு கால் அவளுக்குச் சம்பந்தமில்லாததுபோல் திரும்பியிருந்தது. ஸ்வெட்டரின் முன்பக்கத்தை மடியாகச் சேர்த்துப் பிடித்திருந்தாள். அதில் நிறையப் பந்துகள். வருடக்கணக்காக யார் யாரோ அடித்துவிட்டுத் தேடாமல் போனவை, மண் அப்பியவை, வெளுத்தவை. என்னைப் பார்த்ததும், "கைய வைக்காத, விழுந்துடும்," என்றாள். வலியை மறந்து பந்தைப் பற்றித்தான் சொன்னாள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றியவர்கள் மடியை விடச் சொல்லி இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தார்கள். பிறகு பந்துகளோடேயே தூக்கினார்கள்.

6

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நித்யா பறந்து வந்தாள், அறுவைச்சிகிச்சை நடந்தது. மயக்க மருந்து அவளிடம் மிச்சமிருந்ததில் பாதியை எடுத்துக்கொண்டு போனது. விமானப் பயணம் இனி கூடாது என்று டாக்டர் சொன்னார். எப்போதுமேவா என்று கேட்டேன். அவர் நித்யாவைப் பார்த்தார். நித்யா ஜன்னலைப் பார்த்தாள். நான் டிக்கெட்டை ரத்து செய்தேன். அந்த வார இறுதியில் செம்பாக்கத்தில் நல்ல மழை பிடித்துக்கொண்டது, ஏரி நிரம்பிவிட்டது என்று மல்லிகா சொன்னாள். மதிப்பீட்டில் வசந்தா சொன்ன பதில் சரியாகிவிட்டது.

"கீழ் போர்ஷனை அப்படியே பூட்டி வெச்சிக்கீறேன் மாமா," என்றாள். வாடகைக்கு விட்டுவிடு என்றேன். அவள் போனில் அழுதாள்.

அந்த விதியை மாற்றிவிட்டோம் என்று பனிக்காலத்தில் டான் வந்து சொன்னார். இனி யாருடைய அடியையும் கட்டாயமாக எடுக்க வேண்டியதில்லையாம். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. லாரி இன்றுவரை என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. பார்த்தால் நான் என்ன செய்யப்போகிறேன்? அவர் என் பக்கத்தில் வந்து நின்றது என்மேல் வைத்த மரியாதை. மரியாதைமேல் எப்படிக் கோபப்படுவது?

இப்போது அவள் பூட்டிய பிரிவில் இருக்கிறாள். கதவில் எண்ணை அமுக்கினால் திறக்கும். அந்த எண் கதவுக்கு மேலேயே பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறது. உள்ளே இருப்பவர்களால் அதைப் படித்து அமுக்க முடியாது என்ற தைரியம்தான் பூட்டு. நான் காலையில் போய்ச் சாப்பாடு ஊட்டிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வருகிறேன். அவளுக்கு என்னைத் தெரிவதில்லை. கொஞ்ச நாள் என்னைக் கல்வி அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்தவன் என்று நினைத்து, "உக்காருங்க சார்" என்று மரியாதையாகப் பேசினாள். அதுவும் நின்றுபோய், வசந்தகாலத்தில் பேச்சே அநேகமாக அடங்கிவிட்டது. செவிலியர்களுக்காகத் 'தண்ணி', 'வலிக்குது', 'பாத்ரூம்' என்று இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவைத்தேன். நல்ல பெண்கள், பாராமல் சொல்லும் அளவுக்குப் படித்துவிட்டார்கள். படித்து முடித்தபோது அவள் கேட்பதை நிறுத்தியிருந்தாள். வீடியோவில் மல்லிகா, "அக்கா, நான்தான்க்கா, யாருன்னு தெர்தா?" என்று கேட்பாள். வசந்தா ஃபோனைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பாள்.

இதற்கு மேல் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் டானின் மின்னஞ்சல் வந்த மறுநாள் ஒன்று நடந்தது.

மதியத்துக்கு மேல் அங்கே பந்து நேரம். நாற்காலிகளையும் சக்கர நாற்காலிகளையும் வட்டமாகப் போட்டு, ஒரு பெண் நடுவில் நின்று பெரிய மெத்துப் பந்தை ஒவ்வொருவரிடமாகப் போடுவாள். பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் திருப்பிப் போட வேண்டும். பாதிப் பேர் தூங்குவார்கள். வசந்தா எப்போதும் பந்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கேட்டாலும் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பாள். நான் சுவர் ஓரமாக, கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது கிளம்பலாம் என்று நின்றிருந்தேன். உண்மையில் அந்தப் பதிலை எப்படி எழுதுவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பந்து அவள் மடிக்கு வந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு வட்டத்தை ஒரு சுற்று பார்த்தாள். பிறகு வட்டத்துக்கு வெளியே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பல மாதங்களாக அந்தக் கண் என்மேல் நின்றதில்லை.

"இன்னா, தனியா நிக்கற?" என்றாள்.

என் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"வா. உள்ள வா."

நடுவில் நின்ற பெண் என்னைப் பார்த்தாள். என்ன சொல்கிறார் என்று கேட்டாள். நான் கோட்டைக் கீழே போட்டுவிட்டு வட்டத்துக்குள் போய், தூங்கிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பக்கத்தில் நின்றேன். வசந்தா பந்தை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் எறிந்தாள். மெதுவாகத்தான் வந்தது. கண்ணை மறைத்துக்கொண்டு தண்ணீர். கையில் பட்டு நழுவிப் போய்விட்டது.

"பரவால்ல," என்றாள், யாரோ ஒரு புதுப் பெண்ணுக்குச் சொல்வதுபோல், அதே டீச்சர் அதட்டலோடு. "உனக்கு அவுட் கெடையாது. ஆடு."

பந்து நாற்காலிகளுக்கு அடியில் எங்கேயோ உருண்டு போயிருந்தது. நான் முட்டி போட்டுத் தேட ஆரம்பித்தேன்.